வீட்டு சேமிப்பு சர்வர் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

எங்கள் வீட்டுக் கோப்புகளை நெட்வொர்க் வழியாகச் சேமித்து வைக்கும் சர்வராக ஓடுவது ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி பெட்டிக்குள் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று, அதன் நகலுக்கு 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று, எல்லாவற்றையும் நிர்வகிக்க லினக்ஸில் ஓடும் ஓப்பன்மீடியாவால்ட் மென்பொருள். மொத்தமாகச் சுமார் 10 வாட் இழுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். இதே வேலைக்கு 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை ராப்பகலாக ஓடவிட்டால் 86 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பகுதி அதற்கே போய்விடும்.

சின்னப் பெட்டி சிக்கனமானது, சத்தமில்லாதது. ஆனால் டிஸ்க்குக்கும் உங்களுக்கும் நடுவில் அடாப்டர், யுஎஸ்பி கேபிள், டிஸ்க்கின் இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் சிப், மெமரி கார்டு, ரவுட்டர் என்று பல பேர் நிற்கிறார்கள். இவர்களில் யார் தகராறு செய்தாலும் டிஸ்க் போய்விட்டது போலவே தெரியும். குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் உள்ளே இருக்கும்போது கை பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தில் செய்யும் காரியம்தான் நல்ல டிஸ்க்கையும் காலி செய்கிறது. அதனால் இந்த வழிமுறை முழுக்க ஒரே வரிசையில் போகும்: முதலில் மின்சாரம், பிறகு கேபிள், பிறகு மவுண்ட் (டிஸ்க்கை ஒரு ஃபோல்டராக லினக்ஸோடு சேர்ப்பது), பிறகு நெட்வொர்க். டிஸ்க்கின் மீது சந்தேகம் கடைசியில்தான்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் செருகாதீர்கள். செருகிவிட்டால் "ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி எழும்பும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற கோப்பு அமைப்பை விண்டோஸ் தானாகப் படிக்காது, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரை ஏற்றி, படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து பாருங்கள்.

இரவு நேரத் தானியங்கி நகலையும் உடனே நிறுத்தி வையுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

ஷேரை (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரை) திறந்தால் கோப்புகள் எல்லாவற்றையும் காணோம்

மிகவும் பயமுறுத்தும் அறிகுறி இது. பெரும்பாலும் எதுவுமே அழிந்திருக்காது என்பதுதான் ஆறுதல்.

லினக்ஸில் டிஸ்க் ஒரு வெற்று ஃபோல்டரின் மேல் மவுண்ட் ஆகிறது. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்த ஃபோல்டர் மெமரி கார்டில் அப்படியே இருக்கும், காலியாக இருக்கும். ஷேரை நெட்வொர்க்கில் காட்டும் சாம்பா நிரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்த வெற்று ஃபோல்டரையே உங்களுக்குத் திறந்து காட்டும். "எல்லாம் போச்சு" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பத்திரமாக இருக்கும் டிஸ்க் இன்னும் சேரவே இல்லை, அவ்வளவுதான். இதை உறுதி செய்வது சுலபம். ஷேரின் மொத்தக் கொள்ளளவைப் பாருங்கள். 4 டிபி காட்ட வேண்டிய இடத்தில் 32 ஜிபியோ 64 ஜிபியோ காட்டினால் நீங்கள் பார்ப்பது மெமரி கார்டை.

எனக்கு இது ஓர் ஆடி மாதக் காற்றில் நேர்ந்தது. ஒரே ராத்திரியில் நான்கு முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசி முறை பை சீக்கிரம் எழுந்துவிட்டது, டிஸ்க் பெட்டி எழவில்லை. மூன்று மணிக்கு நகல் எடுக்கும் ஆர்சிங்க் நிரல் ஓடியது. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்று அதற்கு நான்தான் சொல்லி வைத்திருந்தேன். மூலம் காலியாகத் தெரிந்தது, நகலையும் காலி செய்துவிட்டது. மூல டிஸ்க் முழுசாக இருந்ததால் மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப நகல் எடுக்க முடிந்தது. நடுவில் இருந்த அந்தப் பதினெட்டு மணி நேரம் குடும்பத்தின் ஒரே பிரதி ஒரே டிஸ்க்கில் இருந்தது. அந்த நாளை நான் மறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு மூன்று காரியம் செய்தேன். நீங்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

முதலாவது, டிஸ்க்கின் உள்ளே ஓர் அடையாளக் கோப்பு. வெற்றுக் கோப்புதான், ஒரு பெயர் போதும். நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் முதலில் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று மூலத்திலும் நகலிலும் பார்க்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிட வேண்டும். இரண்டாவது, டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்று ஃபோல்டருக்கு சிஎச்ஆட்டர் கட்டளையால் மாற்ற முடியாத தன்மையைக் கொடுத்துவிடுங்கள். டிஸ்க் அதன் மேல் வழக்கம்போல மவுண்ட் ஆகும். டிஸ்க் இல்லாதபோது யாரும் உள்ளே எழுத முடியாது. மூன்றாவது, ஆர்சிங்க்குக்கு அதிகபட்ச அழிப்பு எண்ணிக்கை ஒன்று வைத்துவிடுங்கள். நான் 200 வைத்திருக்கிறேன். ஒரே ராத்திரியில் 200 கோப்புக்கு மேல் அழிக்க வேண்டிய வேலை எங்கள் வீட்டில் வராது.

இதே சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு: மெமரி கார்டு நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வரும், ஆனால் எதைத் தேடினாலும் பெரிய கோப்பு அகப்படாது. டிஸ்க் இல்லாத நேரத்தில் ஃபோன்கள் அனுப்பிய படங்கள் அந்த வெற்று ஃபோல்டருக்குள் போய் விழுந்திருக்கும். பிறகு டிஸ்க் மேலே வந்து அமர்ந்து அவற்றை மறைத்துவிட்டது. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து பாருங்கள், அடியில் இருக்கும். அழிப்பதற்கு முன் வெளியே எடுத்து வையுங்கள். அவை வேறெங்கும் இல்லாத படங்களாக இருக்கலாம்.

எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் எழுதியிருந்தால் இரண்டு டிஸ்க்கும் இடம் மாறி மவுண்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியாக உள்ள யுயுஐடி அடையாள எண்ணால் எழுதுங்கள். ஓப்பன்மீடியாவால்ட் வழியாகச் சேர்த்திருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

டிஸ்க் வேலையின் நடுவில் காணாமல் போகிறது, அல்லது டிக் டிக் என்று அடித்துக்கொள்கிறது

பத்தில் பாதிக்கு மேல் மின்சாரம். இது என் அனுபவம் சொல்லும் கணக்கு.

பை 4-க்குத் தேவை 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அதன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது 1.2 ஆம்பியர்தான். 2.5 அங்குல டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அது ஒன்றே ஏறக்குறைய ஓர் ஆம்பியர் கேட்கலாம். இரண்டு போர்ட்டபிள் டிஸ்க்கைச் செருகிவிட்டு இரண்டும் ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபோன் சார்ஜர் போட்டு ஓட்டினால் இன்னும் மோசம். சுமை ஏறும்போது அதன் வோல்டேஜ் இறங்கிவிடும். போதிய கரண்ட் கிடைக்காத டிஸ்க் சுழல முயன்று, முடியாமல், தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, திரும்ப முயலும். அதுதான் அந்த டிக் டிக். டிஸ்க் செத்துக்கொண்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப்பிலோ நல்ல கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டிலோ செருகிப் பார்ப்பது. அங்கே அமைதியாகச் சுழன்றால் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை.

பையிடமே கேட்கவும் முடியும். விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையில் கெட் த்ராட்டில்ட் என்று கேட்டால் ஓர் எண் வரும். எக்ஸுக்குப் பிறகு வெறும் 0 என்றால் மின்சாரம் நன்றாக இருக்கிறது. 50000 என்றால் கடைசியாக ஏற்றிய பிறகு எப்போதோ வோல்டேஜ் இறங்கி, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இப்போது, இந்த நொடியிலும் இறங்கியிருக்கிறது. முதலில் நல்ல அடாப்டர் வாங்குங்கள். மற்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு.

மின்சாரம் சரி, ஆனாலும் பெரிய கோப்பு எழுதும்போது மட்டும் டிஸ்க் விலகுகிறது என்றால், பெட்டிக்குள் இருக்கும் சாட்டா-யுஎஸ்பி மாற்றுச் சிப்பைக் கவனியுங்கள். யுஏஎஸ் என்ற வேகமான முறையில் சில சிப்கள் லினக்ஸோடு ஒத்துப்போவதில்லை. லினக்ஸின் மையமான கர்னலின் பதிவில் யுஏஎஸ் என்ற சொல்லும் ரீசெட் என்ற சொல்லும் திரும்பத் திரும்ப அடுத்தடுத்து வந்தால் இதுதான். அந்தச் சிப்பின் விற்பனையாளர் எண், பொருள் எண் இரண்டையும் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளை காட்டும். மெமரி கார்டின் பூட் பகுதியில் உள்ள சிஎம்டிலைன் கோப்பில், அதே ஒற்றை வரியில், யுஎஸ்பி ஸ்டோரேஜ் க்விர்க்ஸ் அமைப்பில் அந்த எண்களைக் கொடுத்து, கடைசியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் யு சேர்த்தால் அந்தச் சிப்புக்கு மட்டும் யுஏஎஸ் அணைந்துவிடும். வேகம் கொஞ்சம் குறையும், விலகல் நின்றுவிடும். அந்தப் பூட் பகுதி மட்டும் விண்டோஸிலும் திறக்கும் என்பதால் இந்தத் திருத்தத்துக்குத் தனி லினக்ஸ் கம்ப்யூட்டர் வேண்டாம்.

நெட்வொர்க்கில் சர்வரே தெரியவில்லை

நேற்றுவரை தெரிந்தது, கரண்ட் போய் வந்த பிறகு தெரியவில்லை என்றால் ரவுட்டர் புது முகவரி கொடுத்திருக்கும். ரவுட்டரின் பக்கத்தில் போய் பையின் மேக் எண்ணுக்கு (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டரையே மாற்றினால் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வராது, அதனால் ஒரு தாளில் எழுதி பெட்டிமேல் ஒட்டி வையுங்கள்.

முகவரியைத் தட்டினால் திறக்கிறது, நெட்வொர்க் பட்டியலில் மட்டும் வரவில்லை என்றால் பழுது ஏதுமில்லை. கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி1 முறையை விண்டோஸ் 10, 2017-லேயே இயல்பாக நிறுவுவதை விட்டுவிட்டது. அந்தப் பட்டியல் அதை நம்பித்தான் இருந்தது. சர்வரில் டபிள்யுஎஸ்டிடி என்ற சின்ன நிரலை நிறுவினால் பெயர் திரும்ப வந்துவிடும். பட்டியலில் வர வேண்டும் என்பதற்காக எஸ்எம்பி1-ஐ மீண்டும் திறந்துவிடாதீர்கள். அது பாதுகாப்பில்லாத பழைய கதவு.

பாஸ்வேர்டு சரி, ஆனால் உள்ளே விடவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். சாம்பாவின் பாஸ்வேர்டும் லினக்ஸ் பயனரின் பாஸ்வேர்டும் வேறு வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. இன்னொன்று, ஏற்கெனவே வேறு பெயரில் அதே சர்வரில் நுழைந்திருந்தால் விண்டோஸ் இரண்டாவது பெயரை ஏற்காது. பழைய இணைப்புகளைத் துண்டித்து, சேமித்து வைத்த பாஸ்வேர்டையும் நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத விருந்தினர் ஷேர்களைப் புதிய விண்டோஸ் வரவர அனுமதிப்பதே இல்லை. அம்மா, அப்பா, தங்கை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயர் போட்டுவிடுவதுதான் நிம்மதி.

வேகம் போதவில்லை

எத்தனை எம்பி என்று எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

நொடிக்கு 11 எம்பியில் நிற்கிறது என்றால் வழியில் எங்கோ 100 மெகாபிட் இணைப்பு இருக்கிறது. கிகாபிட்டுக்கு லேன் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும், கேபிள் போட்டவர் இரண்டு ஜோடி மட்டும் கிரிம்ப் செய்திருந்தாலும், இணைப்பு ஓசையில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். ஃபைபர் இணைப்போடு தரும் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட், மற்றவை 100. சர்வர் எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். ஐந்து போர்ட் உள்ள கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் வைத்தால் இந்தத் தலைவலியே தீர்ந்துவிடும்; அது சில வாட்டுக்கு மேல் இழுக்காது, ஃபேனும் கிடையாது.

30 முதல் 40 எம்பி என்றால் டிஸ்க் யுஎஸ்பி 2 போர்ட்டில் இருக்கிறது. பை 4-ல் நீல நிறம் உள்ள இரண்டும்தான் யுஎஸ்பி 3. போர்ட் நீலம், கேபிள் பழையது என்றாலும் இதே எண் வரும். பை 3-ஐ வைத்துக்கொண்டு இந்த எண்ணைத் தாண்ட முயல வேண்டாம். அதன் நெட்வொர்க்கும் டிஸ்க்கும் ஒரே யுஎஸ்பி 2 பாதையைப் பங்கு போடுகின்றன.

நன்றாக 110-ல் ஆரம்பித்து, சில நிமிடத்தில் 20-க்கோ அதற்கும் கீழோ விழுந்தால் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையாக இருக்கும். ஓட்டு வேய்ந்தது போல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறி உட்காரும் அமைப்பு அது. ஓர் இடத்தில் திருத்த வேண்டுமானால் அதை ஒட்டிய தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பெரிய கொள்ளளவுள்ள போர்ட்டபிள் டிஸ்க்குகளில் இது மிகச் சாதாரணம். பழுதில்லை, குணம். அதை நகல் டிஸ்க்காக வைத்துக்கொண்டு, முதன்மை டிஸ்க்குக்குத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எழுதும்போது பையின் ஒரு கோர் முழுக்க, விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் வேலையிலேயே மாட்டியிருந்தால், வாங்கியபடியே என்டிஎஃப்எஸ்ஸாக விட்டுவிட்ட டிஸ்க் அது. உள்ளடக்கத்தை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ட்4 ஆக்கிக்கொள்ளுங்கள். குறியாக்கத்தோடு கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி வழியாக மட்டும் மந்தம், சாம்பாவில் வேகம் என்றால் பை 4-ன் பிராசசரில் குறியாக்கத்துக்கான தனிச் சுற்று இல்லாததுதான் காரணம். பை 5-ல் அது இருக்கிறது.

இவை எதுவும் பொருந்தவில்லையென்றால் சங்கிலியை நடுவில் வெட்டிப் பாருங்கள். ஐபெர்ஃப்3 நெட்வொர்க்கை மட்டும் அளக்கும், டிஸ்க்கைத் தொடாது. அதில் 940 மெகாபிட் பக்கம் வந்தால் நெட்வொர்க் குற்றமற்றது. வரவில்லையென்றால் டிஸ்க்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வைஃபையில் மட்டும் மந்தம், அதுவும் சர்வரின் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் மந்தம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: யுஎஸ்பி 3 கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். ரவுட்டரையும் டிஸ்க் பெட்டியையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். சர்வரை மட்டும் எப்போதும் கேபிளிலேயே வையுங்கள்.

டிஸ்க் தூங்குவதே இல்லை

யாரும் பயன்படுத்தாத நடுராத்திரியிலும் சுழல்கிறது என்றால் ஏதோ ஒரு நிரல் தட்டி எழுப்புகிறது. பெரும்பாலும் மீடியா சர்வரின் தேடல், அல்லது டிஸ்க்கிலேயே டேட்டாபேஸ் வைத்திருக்கும் டாக்கர் கண்டெய்னர் (தனி உறைக்குள் ஓடும் நிரல்). அவற்றின் டேட்டாபேஸை சின்ன எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்றுங்கள். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் சோதனையே டிஸ்க்கை எழுப்புவதும் உண்டு. ஸ்டாண்ட்பையில் இருந்தால் தொந்தரவு செய்யாதே என்ற தேர்வை அதில் போடுங்கள். தூங்கும் நேரத்தை அமைக்கும் எச்டிபார்ம் கட்டளை சொல்வதை யுஎஸ்பி பெட்டி காதில் வாங்கவில்லையென்றால் எச்டி-ஐடில் நிரலைப் பாருங்கள். எச்டிபார்மில் 240 என்பது 20 நிமிடம், 241 என்பது 30 நிமிடம். இந்த எண்களில் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தூங்கச் சொல்லாதீர்கள். நாள் முழுக்க நின்று நின்று எழுவது டிஸ்க்குக்குத் தேய்மானம், மிச்சமாகும் மின்சாரமோ சொற்பம்.

உறுமல், அதிர்வு, சூடு

டிஸ்க்கின் சத்தத்தைவிட அது உட்கார்ந்திருக்கும் பலகையின் சத்தம்தான் அதிகம். இரும்பு அலமாரியும் மெல்லிய ப்ளைவுட்டும் மேளத் தோல் மாதிரி அதிர்வைப் பெருக்கும். பழைய சைக்கிள் ட்யூபை நான்கு துண்டாக வெட்டி, இரண்டு மடிப்பாக மடித்து, பெட்டியின் நான்கு மூலைக்கும் அடியில் வையுங்கள். எங்கள் கூடத்தில் அந்த உறுமல் அன்றோடு போனது. ஃபேன் வேண்டுமென்றால் பெரிய ஃபேன் மெதுவாகச் சுழலட்டும்; 12 வோல்ட் 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் பல 5 வோல்ட்டிலேயே சத்தமில்லாமல் சுழலும். வாங்கும் முன் 5 வோல்ட்டில் கிளம்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பரணில், மூடிய அலமாரியில், இன்வெர்ட்டருக்கு மேல் வைக்க வேண்டாம். சித்திரை வைகாசியில் அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது மூடிய இடத்தில் டிஸ்க் 50-ஐத் தாண்டிவிடும். பல டிஸ்க்குகளின் எல்லை 60. நான் 50-ஐத் தாண்டவிடுவதில்லை. பையின் பிராசசர் 80 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதற்கு ஓர் அலுமினிய உறை போதும், ஃபேன் வேண்டாம்.

கரண்ட் வந்த பிறகு எழவே இல்லை

சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை சிமிட்டவே இல்லை என்றால் மெமரி கார்டு படிக்கப்படவில்லை. கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பாருங்கள். இல்லையேல் புதுக் கார்டு. டிஸ்க்கில் உள்ளவை பாதிக்கப்படாது. கார்டு முழுவதையும் ஒரு கோப்பாக நகல் எடுத்து வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. அடிக்கடி கார்டு போகிறது என்றால் ஓயாமல் எழுதப்படும் பதிவுகளை நினைவகத்துக்கு மாற்றும் பிளகினை ஓப்பன்மீடியாவால்ட்டில் போடுங்கள்.

பச்சை சிமிட்டிவிட்டு, நெட்வொர்க்கில் மட்டும் வரவில்லை என்றால் ஒரு மானிட்டரைச் செருகிப் பாருங்கள். எமர்ஜென்சி மோட் என்று நின்றிருந்தால் எஃப்எஸ்டேப்பில் டிஸ்க் வரியில் நோஃபெயில் என்ற சொல் விட்டுப்போயிருக்கிறது. டிஸ்க் வராமல் நகரமாட்டேன் என்று லினக்ஸ் காத்து நிற்கிறது. அந்தச் சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் இல்லாமலும் எழும். சேர்த்த அன்றே, மேலே சொன்ன வெற்று ஃபோல்டர் பாதுகாப்பையும் சேர்த்துச் செய்துவிட வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். மாறும் இடைவெளி குறையும், பை அணையாமல் தப்பும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ்ஸில் 3.5 அங்குல டிஸ்க்கை மாட்டாதீர்கள். சுழலத் தொடங்கும்போது டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்வரை கேட்கும், அது தராது.

ஸ்மார்ட் எண்கள் கெட்ட செய்தி சொல்கின்றன

எல்லாம் பார்த்தாயிற்று, மின்சாரமும் கேபிளும் சரி என்ற பிறகுதான் இங்கே வர வேண்டும். ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண் மட்டும் ஏறினால் டிஸ்க்குக்கும் சிப்புக்கும் நடுவிலுள்ள இணைப்புப் பழுது, டிஸ்க் நலம். 5-ஆம் எண் (மாற்றிடம் கொடுக்கப்பட்ட கெட்ட பகுதிகள்) சிறியதாக, பல மாதமாக அப்படியே நின்றால் கண்காணியுங்கள். 197-ம் 198-ம் (படிக்க முடியாத பகுதிகள்) பூஜ்யத்தைவிட்டு நகர்ந்து வாராவாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது. யுஎஸ்பி பெட்டி வழியாக அறிக்கையே வரவில்லையென்றால் சாதன வகையை எஸ்ஏடி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

இப்போதும் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கில் எழுதும். சாகும் டிஸ்க்கில் எழுதுவது இருப்பதையும் கெடுக்கும். படிக்க மட்டும் மவுண்ட் செய்து, வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், தாத்தா பாட்டியின் குரல் பதிவுகள். சினிமாவும் நிரல்களும் திரும்பக் கிடைக்கும். படிக்கும்போது சிக்கினால், அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்கை வைத்து பழுதான டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலை ஓட்டுங்கள். அதற்கு மேப் கோப்பு ஒன்றை மறக்காமல் கொடுங்கள். எங்கே நின்றது என்று அதில் எழுதி வைத்துக்கொள்ளும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் சுலபமாக வருவதை மட்டும் அள்ளச் சொல்லுங்கள், அடம்பிடிக்கும் பகுதிகளை இரண்டாம் சுற்றுக்கு விடுங்கள். நடுவில் உலோகம் உரசும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, அந்த நிலையிலேயே தரவு மீட்பு நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.